முருகன் முகம் ஏன் தேய்ந்தது? பித்தளைச் சிலை வாங்குவது முதல் பராமரிப்பது வரை

திருத்தணி மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். வருடத்தின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளையும் ஏறி, தரிசனம் முடித்து இறங்கும்போது கண் தானாகக் கடைகள் பக்கம் போகும். கையளவு பித்தளை வேல், மயில் மேல் முருகன், வள்ளி தெய்வானையோடு முருகன், குட்டி மணி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் பேரம் இரண்டு மொழிகளில் நடக்கும். நாம் பித்தளை என்பதைத் தெலுங்கில் ‘இத்தடி’ என்கிறார்கள். எந்த மொழியில் கேட்டாலும், பித்தளை வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “கறுத்துப் போச்சுன்னா புளி போட்டுத் தேயுங்க, தங்கம் மாதிரி ஆயிடும்.”

ஆகும், பொய்யில்லை. ஆனால் அந்தத் தங்க நிறத்துக்கு ஒரு விலை இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் பாட்டி காலத்துப் பித்தளை முருகன் ஒருவர் இருக்கிறார். பல வருட வெள்ளிக்கிழமைகள் புளியாலும் செங்கல் பொடியாலும் தேய்க்கப்பட்டவர். இப்போதும் பளபள என்றுதான் இருக்கிறார். ஆனால் மூக்கு இல்லை. கண் இருந்த இடத்தில் சின்ன மேடு மட்டும் இருக்கிறது. கையில் இருப்பது வேலா, தண்டமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிலை கீழே விழவில்லை, யாரும் உடைக்கவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் நாங்களே, முழு பக்தியோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிலை இருக்கலாம். அல்லது புது அப்பார்ட்மென்ட் ஹாலுக்காக ஆன்லைனில் ஆர்டர் செய்த ‘ஆன்டிக் ஃபினிஷ்’ புத்தர் இந்த வாரம் வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது? முதலில், கையில் இருப்பது என்ன உலோகம் என்பதிலிருந்து தொடங்கலாம்.

பித்தளை, வெண்கலம், பஞ்சலோகம்: எது என்ன?

மூன்றுக்கும் அடிப்படை செம்பு. அதோடு என்ன சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பித்தளை: செம்பு + துத்தநாகம். சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். மஞ்சள் நிறம் அதனால்தான். வார்ப்பதற்கும் கடைவதற்கும் சுலபம், விலையும் குறைவு. குத்துவிளக்கு, மணி, வேல், இன்றைய அலங்காரச் சிலைகள் எல்லாம் பெரும்பாலும் இதுதான். புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் பித்தளை வேலைதான்.

வெண்கலம்: செம்பு + வெள்ளீயம். பாத்திரங்களுக்கும் மணிகளுக்கும் வெள்ளீயத்தை அதிகம் சேர்ப்பார்கள். தட்டினால் ‘டங்’ என்று நீண்ட ஓசை வருவது அதனால்தான். சிலைகளுக்கான கலவையில் செம்பு மிக அதிகமாகவும், வெள்ளீயமும் காரீயமும் கொஞ்சமாகவும் இருக்கும்.

பஞ்சலோகம்: பெயருக்கு ஏற்றபடி ஐந்து உலோகங்கள். சுவாமிமலையில் இன்று வார்க்கப்படும் சிலைகளில் பெரும்பங்கு செம்பு. அடுத்து பித்தளையும் கொஞ்சம் காரீயமும் சேரும். பொன்னும் வெள்ளியும் சம்பிரதாயத்துக்காக மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும்.

சோழர் காலத்துச் சிலைகளை நாம் ‘வெண்கலச் சிலை’ என்கிறோம். கல்வெட்டுகளில் காணப்படும் பெயர் ‘செப்புத் திருமேனி’. உண்மையில் அந்தப் பெயர்தான் உலோகத்துக்கு நெருக்கமானது.

பித்தளை என்றால் மட்டமா?

வெண்கலம் உசத்தி, பித்தளை மலிவு என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. ‘பித்தளை இளித்துவிட்டது’ என்றே ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஏறத்தாழ 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை காஷ்மீரில் செய்யப்பட்ட புத்தர், போதிசத்துவர், விஷ்ணு சிலைகளில் பெரும்பாலானவை பித்தளைதான். புத்தரின் கண்ணில் வெள்ளி பதிப்பது, உடையின் கோடுகளில் செம்பு இழைப்பது என்று அதை ஒரு நகை வேலை போலவே செய்தார்கள். அந்தப் பாணி மலைகளைத் தாண்டி மேற்குத் திபெத்துக்குப் போனது.

துத்தநாகம் அவ்வளவு லேசில் கிடைக்கிற உலோகமும் இல்லை. தாதுவைச் சூடாக்கிப் பிரிக்கும்போது அது உருகி ஓடாமல் ஆவியாகிப் பறந்துவிடும். அதன் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ்தான். அதனால் பழங்காலத்தில் செம்பையும் துத்தநாகத் தாதுவையும் மூடிய கலத்தில் ஒன்றாகச் சூடாக்கினார்கள். ஆவி நேராகச் செம்புக்குள் இறங்கிப் பித்தளை ஆனது. பின்னர் ராஜஸ்தானின் உதய்பூர் அருகே உள்ள ஜாவரில் அந்த ஆவியை மண் குழாய்கள் வழியாகக் கீழ்நோக்கி இறக்கி, குளிர வைத்து, தனித் துத்தநாகமாகவே பிடித்தார்கள். உலகில் பெரிய அளவில் துத்தநாகம் வடித்தெடுத்த மிகப் பழைய இடங்களில் ஜாவரும் ஒன்று.

தமிழ்நாட்டிலும் இந்துக் கடவுளுக்கும் புத்தருக்கும் உலோகம் வார்த்த கதை ஒன்றாகத்தான் ஓடுகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் ஆதரவோடு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. 1856 தொடங்கி அந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்த உலோகச் சிலைகள் கிடைத்தன. தலை உச்சியில் தீச்சுடர் எழும் புத்தர்கள் அவற்றின் அடையாளம். பலவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அருகிலேயே சோழர் கால நடராஜரையும் பார்த்துவிட்டு வந்தால், இரண்டும் ஒரே கைப்பழக்கத்தில் பிறந்தவை என்பது சொல்லாமலே புரியும்.

ஒரு சிலை எப்படிப் பிறக்கிறது?

சுவாமிமலையில் இன்றும் பின்பற்றப்படுவது மெழுகு வார்ப்பு முறை. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முழுச் சிலையையும் மெழுகில் செய்கிறார்கள். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைக்கிறார்கள். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. எனவே ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். பிறகு உளியால் விரல், நகை, புருவம் எல்லாம் செதுக்கி, கடைசியாகக் கண் திறப்பார்கள்.

அலங்காரப் பித்தளைச் சிலைகளில் கணிசமானவை உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற பித்தளை நகரங்களிலிருந்து வருபவை. அங்கே மணல் அச்சு முறையில் ஒரே மாதிரியை வைத்துப் பல பிரதிகள் எடுக்க முடியும். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். ஒன்று நல்லது, இன்னொன்று போலி என்று பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலும் முகத்தின் நுணுக்கம் உலோகத்தின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. புருவமும் உதட்டுக் கோடும் மேலோட்டமான செதுக்கல்கள். நாம் தேய்க்கும்போது முதலில் காணாமல் போவதும் அவைதான்.

புளி போட்டால் என்ன நடக்கிறது?

பித்தளை காற்றிலும் ஈரத்திலும் இருக்கும்போது மேலே மெல்லிய பழுப்புப் படலம் உருவாகும். அது அழுக்கு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உலோகமே காற்றோடு சேர்ந்து உருவாக்கிய தோல். கீழே உள்ள உலோகம் வேகமாகக் கெடாமல் அது ஓரளவு காக்கிறது.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைக்கிறது. எலுமிச்சை, தக்காளி சாஸ், வினிகர் எல்லாம் செய்வதும் இதே வேலைதான். புது உலோகம் வெளியே தெரிகிறது, பளபளக்கிறது. சில நாட்களில் அந்தப் புது உலோகம் மறுபடி தோல் போர்த்துகிறது. மறுபடி புளி. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பது சிலையின் உடம்பைத்தான்.

அமிலத்தை நீண்ட நேரம் ஊறவைத்தால் இன்னொரு சிக்கல். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும், செம்பு மிஞ்சும். ‘நல்லா ஊறட்டும்’ என்று விட்டுவிட்டு வந்து பார்த்தால் அங்கங்கே ரோஸ் நிறத் திட்டுகள் தெரிவது இதனால்தான். அது கறை இல்லை. அந்த இடத்தில் பித்தளையே செம்பாகிவிட்டது, திரும்பி வராது.

புளியோடு உப்பு சேர்ப்பது அதைவிட மோசம். உப்பில் இருக்கும் குளோரைடு, நகை இடுக்கிலும் பீடத்தின் மடிப்பிலும் தங்கிவிடும். கழுவினாலும் முழுசாகப் போகாது. செங்கல் பொடி, மணல், ஸ்டீல் ஸ்கிரப்பர் எல்லாம் அரம் போட்டு ராவுவதற்குச் சமம். மென்மையாகத் தெரியும் திருநீறும் அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய உப்புத்தாள் போலத்தான் வேலை செய்யும்.

பச்சையில் இரண்டு வகை

பழைய சிலையில் பச்சை தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். கெட்டியாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும் கரும்பச்சை பெரும்பாலும் நிலையானது. அதைத் தொடாமல் விடுவதுதான் நல்லது.

வெளிர் பச்சையில், மாவு போல, புள்ளி புள்ளியாகக் கிளம்பினால் கவனிக்க வேண்டும். பல்குச்சியால் தொட்டால் உதிரும். துடைத்த சில நாட்களில் அதே இடத்தில் மறுபடி வரும். ஆங்கிலத்தில் இதை ‘பிரான்ஸ் டிசீஸ்’ என்கிறார்கள். ஆனால் இது தொற்று நோய் இல்லை, வேதியியல். செம்பு, குளோரைடு, ஈரம், ஆக்சிஜன் நான்கும் சேரும்போது உருவாகும் அமிலம் செம்பைத் தின்கிறது. அதில் மறுபடி குளோரைடு உப்பு உருவாகி, வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. ஈரம் கிடைக்கும் வரை இந்தச் சுழற்சி நிற்காது. கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இப்படி ஒன்று தெரிந்தால் சிலையைத் தனியாக, உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பிறகு உலோகப் பாதுகாப்பு தெரிந்த நிபுணரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளின் உப்பு அரிப்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்குவதில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று அது. வீட்டு வைத்தியத்துக்கு உரிய விஷயம் இல்லை இது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவதாக ஒரு பச்சையும் உண்டு. விளக்கின் குழியில் சேரும் பச்சைப் பிசுக்கு. எண்ணெய் பழையதாகும்போது அதன் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து உருவாவது. இதனால் பெரிய ஆபத்து இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மரக்குச்சியும் போதும். சிலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் பளபளக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் கடைசியில் தூசியைப் பிடித்து இதே பிசுக்காகத்தான் மாறும்.

குதிரை லாயம் சொல்லித்தந்த பாடம்

பித்தளைக்கு இன்னொரு எதிரி அம்மோனியா. இந்தப் பாடம் இந்தியாவில்தான் கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணமே இல்லாமல் விரிசல் விட்டன. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, ஈரக் காற்று, உறைகளை இழுத்து வடிவமைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன. 1921இல்தான் விஞ்ஞானிகள் இதை முறையாக விளக்கினார்கள். பருவகாலத்தில் வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

இன்று நம் வீட்டில் குதிரை இல்லை. ஆனால் சில கண்ணாடி கிளீனர்களிலும் மெட்டல் பாலிஷ்களிலும் அம்மோனியா இருக்கிறது. பாட்டிலின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு ஸ்பிரே செய்யுங்கள்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது?

எல்லாச் சிலைக்கும் ஒரே வழி கிடையாது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

1. புது அலங்காரச் சிலை: பளபளக்கும் புதுச் சிலைகள் பலவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத லேக்கர் பூச்சு இருக்கும். அது இருக்கும் வரை பித்தளை கறுக்காது. பாலிஷ் போட்டால் பூச்சு திட்டுத் திட்டாகப் போய், அந்த இடம் மட்டும் கறுக்கும். உலர்ந்த மென்மையான துணி, இடுக்குகளுக்குப் பெயின்ட் பிரஷ். அவ்ளோதான்.

2. ‘ஆன்டிக் ஃபினிஷ்’ சிலை: அந்தப் பழுப்பும் பச்சையும் ரசாயனத்தால் உருவாக்கியவை. புளி பட்டால் ஒரே நிமிடத்தில் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்த நிறத்தைத்தான். தூசி மட்டும் தட்டுங்கள்.

3. நேபாள, திபெத்திய பௌத்தச் சிலை: இவை பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் உள்ளவை. பிரதிஷ்டை செய்யும்போது மந்திரச் சுருள்களையும் புனிதப் பொருட்களையும் உள்ளே வைத்து, பீடத்தின் அடித்தகட்டை மூடிவிடுவார்கள். அந்தத் தகட்டைத் திறக்கக் கூடாது, சிலையைத் தண்ணீரில் முக்கக் கூடாது. முகத்தில் பொன் வண்ணமும் தலைமுடியில் நீலமும் தீட்டியிருந்தால் ஈரத்துணிகூட வேண்டாம்.

4. தினமும் பூஜை செய்யும் வீட்டுச் சிலை: இதை மியூசியம் போல வைக்கச் சொல்ல முடியாது. அபிஷேகம் நடக்கும், சந்தனம் வைப்போம். செய்ய வேண்டியது இதுதான்: பால், தயிர், பஞ்சாமிர்தம், இளநீர் எதுவாக இருந்தாலும் முடிந்த உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தயிரின் அமிலமும் இளநீரின் உப்பும் காயக் கூடாது. கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர் இருந்தால் நல்லது, போர்வெல் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் இடுக்கு வரை உலரவிடுங்கள். திருத்தணியில் சந்தனம் பிரசித்தம், வீட்டுக்கு வாங்கி வராதவர்கள் குறைவு. அதைச் சிலைக்கு வைத்தால் ஈரமாக இரவு முழுக்க விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மைல்டான சோப்பு இரண்டு சொட்டு, மென்மையான டூத் பிரஷ். பளபளப்பு வேண்டும்தான் என்றால், பொங்கல், ஆடிக் கிருத்திகை மாதிரி வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முகத்தை விட்டுவிட்டுப் பீடம், திருவாசி மட்டும் துலக்குங்கள். வெள்ளிக்கிழமை ஆசையை விளக்கு, தாம்பாளத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

5. பரம்பரையாக வந்த பழைய சிலை: எதுவும் செய்யாதீர்கள். தூசி தட்டுவது தவிர எதையும். அருங்காட்சியகங்களில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசிக் காற்றையும் ஈரத்தையும் தடுப்பார்கள். அதையும் நிபுணரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

கோயில் உற்சவர் சிலைகள் தனிக் கதை. நூற்றாண்டுகளாக அபிஷேகத்தில் தேய்ந்த முகங்கள் அங்கே உண்டு. அவற்றை என்ன செய்வது என்பதை ஆகமமும் ஸ்தபதிகளும் அர்ச்சகர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். பல கோயில்களில் கவசம் சார்த்துவது சிலைக்கு ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

காந்தம் வையுங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

ஒட்டவில்லை என்பதற்காகவே பித்தளை என்று முடிவு செய்ய வேண்டாம். துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் முலாம் பூசியதிலும் காந்தம் ஒட்டாது. பீடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அரம் பட்ட இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் முலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் உறுதி வேண்டுமா? ஆர்க்கிமிடீஸ் உதவுவார். கெட்டி வார்ப்பாக இருக்கும் புதுச் சிறு சிலையை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் முக்கி, வழியும் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். 850 கிராம் எடைக்கு ஏறத்தாழ 100 மில்லி வழிந்தால் பித்தளை. 120 மில்லி வழிந்தால் அநேகமாகத் துத்தநாகக் கலவை. பழைய சிலைக்கும் மூடிய பீடம் உள்ள சிலைக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

நூறு வயது தாண்டினால் சட்டம் வரும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத வயதுள்ள சிலை தொல்பொருள். அதை வீட்டில் வைத்திருக்கலாம், பூஜை செய்யலாம். ஆனால் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவே முடியாது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது பாட்டி வீட்டு முருகனைப் பெட்டியில் வைத்தால் ஏர்போர்ட்டில் சிக்கல் வரலாம். புதுச் சிலைதான் என்றால், அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால்? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது திருத்தணிக்குத் தூரத்து விஷயம் இல்லை. 1977இல் திருத்தணி அருகே வேலஞ்சேரியில் இரண்டு தொகுதிச் செப்பேடுகள் கிடைத்தன. ஒன்று பல்லவ மன்னன் அபராஜிதனுடையது, இன்னொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி அவற்றைப் படித்து நூலாகவே வெளியிட்டார். ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட அந்தச் செப்புத் தகடுகளில் எழுத்து இன்றும் படிக்கும்படி இருக்கிறது. கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்த்தோ, எடைக்குப் போட்டோ இருந்தால் ஒரு வட்டாரத்தின் வரலாறே அழிந்திருக்கும்.

போன் கேமராவால் ஒரு நல்ல காரியம்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அது இந்தக் கோயில் சிலைதான் என்று நிரூபிக்க உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார்.

ஒரு போட்டோதான் அந்தச் சிலைக்குப் பிறப்புச் சான்றிதழாக நின்றது. ஆகவே இன்றே உங்கள் வீட்டுச் சிலையை நான்கு பக்கமும், பீடத்தின் அடியும், முகமும் தெளிவாகப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். எடை, உயரம், யார் எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே கோணத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், சிலை தேய்கிறதா, பச்சை பரவுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு முருகனை இந்தக் கட்டுரை எழுதும்போதுதான் முதன்முதலாகப் போட்டோ எடுத்தேன். புதிதாக முகம் செதுக்கித் தரலாமே என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாட்டியின் கை பட்டுத் தேய்ந்த முகம் அது. ஆனால் மிச்சம் இருக்கும் அந்தக் கண் மேடும் வேலா தண்டமா என்ற சந்தேகமும் அடுத்த தலைமுறைக்காவது அப்படியே இருக்கட்டும். இனி வெள்ளிக்கிழமைகளில் அவருக்குத் தண்ணீரும் பருத்தித் துணியும்தான். புளி ரசத்துக்கு.